பன்னிரண்டு படமும் ஒரு வாளியும்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மேஸ்திரியின் போன் செத்தது.

நாலு வருஷம் உழைத்த போன். சிமெண்டுத் தூசியில் புரண்டிருக்கிறது. லாரிச் சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறது. எதற்கும் அசராத அந்தப் போன், சீட்டுக்காரர் அனுப்பிய ஒரே ஒரு படத்தைத் திறந்ததும் முகம் கறுத்துப் படுத்துவிட்டது.

"என்னப்பா அனுப்பினே? படமா, பாறாங்கல்லா?" என்றார் மேஸ்திரி.

"படம்தாண்ணே. அசையற படம்."

"அசையற படமா? என் போனே அசையாமக் கெடக்கு பாரு."

சுற்றி நின்ற ஏழு பேரும் அவரவர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "என்னுது கொதிக்குது. மேல டம்ளரை வெச்சா டீ சூடாகிடும்" என்றான் நெட்டையன். கிழிந்த மூட்டைகளைத் தைக்கிற ஊசியக்கா மட்டும் திரையை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அதுதானே படம்? நல்லாத்தான் இருக்கு."

"அக்கா, அது படம் வரதுக்கு முன்னால வர வட்டம்."

"அப்படியா? அரை மணி நேரமா இதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருக்கேன்."

சீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஓங்கி அடிக்க முடியாது. ஓங்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

அவர் அந்தச் சிமெண்டுக் கிடங்கில் பதினோரு வருஷம் மூட்டை தூக்கியவர். ஒருநாள் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது இடுப்புக்கு மேலே ஏதோ 'டக்' என்றது. மூட்டை ஒருபக்கம், அவர் ஒருபக்கம். மேஸ்திரிதான் அவரையே ஒரு மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்று மாதம் பலகையில் மல்லாந்து கிடந்தார். கிடந்த கிடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அதற்கு வேலை சொல்லக் கற்றுக்கொண்டார். பைதான் என்கிற மொழியில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நாற்பது பேர் செய்கிற எடுபிடி வேலையை அது முணுமுணுக்காமல் செய்தது. பதினோரு வருஷம் பிறர் ஏவலுக்கு ஓடியவருக்கு, தன் ஏவலுக்கு ஒன்று ஓடுவதைப் பார்த்ததும் முதுகுவலிகூடக் கொஞ்சம் மறந்தது. எழுந்து வந்தபின் மேனேஜர் அவரை வாசல்சீட்டு எழுதும் மேசையில் உட்கார வைத்தார்.

இப்போது அந்தச் சீட்டுக்கும் வேட்டு வந்திருந்தது. தலைமை அலுவலகம் புது மென்பொருள் ஒன்றை அனுப்பியிருந்தது. இனிமேல் லாரிக்குச் சீட்டு போடுவது மூட்டை ஏற்றுகிறவர்களின் வேலை. எடைமேடை அருகே இருக்கும் தொடுதிரையில் அவர்களே போட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு படி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு அதிகாரி வந்து ஒவ்வொருவரையும் சோதிப்பார். ஒரு தப்பு வரலாம். இரண்டு வந்தால், அந்த ஆளுக்குப் பதிலாக வெளியாள்.

கூடவே விளக்கப் புத்தகமும் வந்தது. அறுபத்து நாலு பக்கம். எடைமேடை மேசையின் குட்டைக் காலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

"இந்த எட்டுப் பேருல அஞ்சு பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. பேசாம வெளியாளையே வரச் சொல்லிடலாம்" என்றார் மேனேஜர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். நான் கத்துக்குடுக்கறேன்" என்றார் சீட்டுக்காரர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

அவருடைய யோசனை நல்ல யோசனை. தன் மேசைக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு படிகளையும் செய்து பார்ப்பது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. அத்தனையையும் வரிசையாகத் தைத்து, தானாகவே ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடுகிற ஒரு குட்டிப் படமாக்கி எல்லார் போனுக்கும் அனுப்புவது. படிக்க வேண்டாம், பார்த்தால் போதும். மூட்டை தூக்குகிறவன் எல்லாத் தொழிலையும் பார்த்துத்தானே கற்கிறான்? யாரும் அவனுக்குத் தோளைப் பற்றிப் புத்தகம் எழுதிக் கொடுக்கவில்லை.

படம் மெதுவாக ஓட வேண்டுமே என்று ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டையும் முப்பது முப்பது முறை அடுக்கியிருந்தார். அதுதான் தப்பு. மொத்தம் நாற்பத்தெட்டு எம்பி.

"கொஞ்சம் இருங்க. எளைக்க வெச்சு அனுப்பறேன்" என்றார்.

மத்தியானத்துக்குள் இளைக்க வைத்துவிட்டார். படத்தைத் தைக்கிற பைதான் நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். இருநூற்றைம்பத்தாறு நிறத்தில் இருந்த படம் நாலு நிறத்துக்கு இறங்கியது. ஆறு எம்பி. மேஸ்திரியின் போன்கூடப் பெருமூச்சு விட்டு எழுந்து படத்தைக் காட்டியது. எட்டுப் பேரும் வாசலில் நின்று, பார்த்துப் பார்த்து அழுத்தினார்கள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து கத்தல் கேட்டது.

"பதினோரு சீட்டு கேன்சல்! எவன்டா கேன்சல் பண்ணினது?"

வாசலுக்கு வெளியே லாரிகள் சாலை முனைவரை நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சீட்டுக்காரர் ஓடினார். அவர் ஓட்டம் என்பது மற்றவர்களின் நடை.

"யாருண்ணே ரத்துப் பட்டனை அமுக்கினது?"

"நீதான் அமுக்கச் சொன்னே. படத்துல பாரு" என்று போனை நீட்டினார் மேஸ்திரி.

பார்த்தார். 'ஏற்றுக்கொள்' என்ற பச்சைப் பட்டனும் 'ரத்து செய்' என்ற சிவப்புப் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் ஒரே சேற்று நிறத்தில் இருந்தன. நாலு நிறத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் கிடைக்கவில்லை.

"நம்ம ஆளுங்க எழுத்தைப் பாக்க மாட்டாங்க, நெறத்தைத்தான் பாப்பாங்க. நீ ரெண்டு பேரையும் சேத்துல முக்கி எடுத்துட்டு, எவன் அண்ணன் எவன் தம்பின்னு கேக்கறே" என்றார் மேஸ்திரி.

அன்று மாலை சீட்டுக்காரர் வீட்டு வாசலை மிதித்ததும் அவர் மனைவி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"வாளி எங்க?"

"எந்த வாளி?"

"காலையில சொன்னேனே. நம்ம வாளி அடி விட்டுடுச்சு. பச்சை வாளி ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னேன். நீலம் வேண்டாம், கொழாயடியில எல்லாமே நீலம். நம்மளோடது எதுன்னு தெரியாம நான் தெனம் சண்டை போடணும்."

"பதினோரு சீட்டு போச்சுடி இன்னைக்கு."

"சீட்டுல தண்ணி புடிக்க முடியுமா?"

செவ்வாய்க்கிழமை நிறத்தைத் திரும்பக் கொடுத்தார். அதற்கு ஈடாக, அடுக்கியிருந்த முப்பது முப்பது நகல்களைப் பத்துப் பத்தாகக் குறைத்தார். எல்லாவற்றையும் புதிதாக எடுத்து, 1, 2, 3 என்று எண் போட்டு ஒரே இடத்தில் வைத்தார். எண் வரிசைப்படி தைக்கச் சொல்லி நிரலுக்குக் கட்டளை. நிறமும் சரி, எழுத்தும் சரி. திருப்தியோடு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு லாரி வாசலைத் தாண்டிப் போனது. அது லேசாகத் துள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து அவருக்கு ஏதோ உறுத்தியது. இருநூறு மூட்டை ஏற்றிய லாரி துள்ளாது.

"அண்ணே! அந்த லாரியில எத்தனை மூட்டை?"

"ஒண்ணும் இல்ல" என்றார் மேஸ்திரி, அமைதியாக.

"ஒண்ணும் இல்லாம எப்படி விட்டீங்க?"

"படத்துல அப்படித்தான் இருந்துச்சு. மொதல்ல 'புதுச் சீட்டு'. அடுத்தது கேட்டைத் தொற. அப்புறம் சீட்டை அச்சடி. முடிஞ்சுது. எனக்கே சந்தேகம்தான். இது நல்ல ஏற்பாடா இருக்கே, தூக்கற வேலையே இல்லையேன்னு நெனச்சேன்."

நிரல் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது. ஒன்றில் தொடங்கும் எண்களையெல்லாம் முதலில் நிறுத்திவிட்டது. 1, அடுத்து 10, 11, 12. அதற்குப் பிறகுதான் 2. கம்ப்யூட்டரின் கணக்கில் பத்து என்பது ஒன்றுக்கு அடுத்த வீடு. அந்தப் புது மென்பொருளும், எடை போட்டாயா, ஏற்றினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டைத் திறந்துவிட்டது.

லாரி இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. டிரைவர் நல்ல மனுஷன்.

"சீட்டு குடுத்தாங்க, கேட்டு தொறந்துச்சு, போனேன். ஏத்தத்துல வண்டி இவ்வளவு ஜோரா ஏறுதேன்னு அப்பத்தான் எறங்கிப் பாத்தேன்" என்றான்.

மேனேஜர் இந்தமுறை கத்தவில்லை. நெருங்கி வந்து தணிந்த குரலில் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"வெளியாளுங்களுக்குச் சொல்லி வெச்சிட்டேன், சீட்டுக்காரரே. எட்டுப் பேர் தயாரா இருக்காங்க. வெள்ளிக்கிழமை யாரு ஃபெயிலோ, அவங்க எடத்துக்குச் சனிக்கிழமையே ஆள் வந்துடும்."

சீட்டுக்காரர் எடைமேடை ஓரத்தில் உட்கார்ந்தார். எதிரே எட்டுப் பேரும் திரும்பி வந்த லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பத்தெட்டு வயது. கழுத்தெலும்பில் மூட்டை உட்காரும் இடத்தில் தோல் செருப்பைப் போலத் தடித்திருந்தது. இந்த வயதில் இவரை வெளியே அனுப்பினால் எந்தக் கிடங்கு எடுக்கும்? இந்த ஆளின் தோளில்தானே நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்?

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னப்பா, மூஞ்சி காத்துப்போன டயர் மாதிரி இருக்கு?"

"வரிசை சரியாகிடும்ணே. முன்னால ஒரு சைபர் போட்டு 01, 02ன்னு எழுதினா போதும். ஆனா கனம் கொறைய மாட்டேங்குது. இப்பவும் பதினாறு எம்பி. பாதிப் பேர் போன்ல தொறக்கவே இல்ல."

"ஏன் அவ்வளவு கனம்?"

"ஒவ்வொரு படமும் முழுத் திரை. அதையே பத்து தடவை அடுக்கினாத்தான் கொஞ்ச நேரம் நிக்குது."

மேஸ்திரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒரு லாரி பத்து நிமிஷம் நிக்கணும்னா, பத்து லாரியைக் கொண்டாந்து நிறுத்துவியா? அதே லாரியை நில்லுன்னு சொல்ல மாட்டே?"

சீட்டுக்காரர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'நில்' என்று எழுதிக்கொண்டார்.

"இன்னொண்ணு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எவ்வளவு மாறுது?"

"ஒரு பட்டன். இல்லேன்னா ஒரு பெட்டி. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும்."

"அப்புறம் ஏன் முழுசா எறக்கி முழுசா ஏத்தறே? லாரியில நூத்தித் தொண்ணூத்தொம்பது மூட்டை சரியா இருக்கு, ஒரு மூட்டை கிழிஞ்சிருக்குன்னா நாங்க என்ன பண்ணுவோம்? அந்த ஒண்ணை மட்டும் மாத்துவோம். மாறினதை மட்டும் ஏத்துப்பா. இது தெரியாமயா பதினோரு வருஷம் மூட்டை தூக்கினே?"

படிக்காதவனுக்குப் புத்தி கிடையாது என்பது படித்தவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற ஆறுதல். படத்தைச் சுருக்குகிற கலையைப் பற்றிச் சீட்டுக்காரர் மூன்று மாதம் மல்லாந்து கிடந்து பார்த்த பாடங்களின் மொத்தச் சாரத்தையும், கையெழுத்துக்குப் பெருவிரலை நீட்டுகிற ஒரு மனிதர் பீடியைப் பற்றவைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே நிரலைத் திருத்தினார். முதல் படம் மட்டும் முழுத் திரை. அதற்கப்புறம் மாறிய துண்டு மட்டும். ஒவ்வொன்றும் இரண்டு நொடி அப்படியே நிற்க ஒரு கட்டளை. ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் ஒரே மூச்சில் புதிதாக எடுத்தார். மொத்தம் இருபத்திரண்டு வரி. ஓட்டினார். திரையின் மூலையில் அளவு வந்தது.

இருநூற்றுப் பத்து கேபி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தெட்டு எம்பி கிடந்த இடத்தில் அதன் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு லாரி லோடு கைப்பைக்குள் அடங்கிவிட்டது. நிறம் இருந்தது. எழுத்து இருந்தது. வரிசை இருந்தது. எழுந்து நின்று ஒருமுறை கைதட்டிக்கொண்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தார்.

"வாளி எங்க?"

"ஐயோ."

"மெசேஜும் போட்டேனே!"

"எனக்கு எந்த மெசேஜும் வரலியே."

"அஞ்சரை மணிக்குப் போட்டேங்க. 'பச்சை வாளி வேணும்'னு."

"சத்தியமா நான் பாக்கலடி."

அவர் சொன்னது உண்மை. அவர் பார்க்கவில்லை. உலகம் பார்க்கப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை அனுப்பிய படம் எல்லார் போனிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. ஊசியக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். நெட்டையன் பழகின லாரி டிரைவர்களுக்கெல்லாம் அனுப்பினான். "எங்க சீட்டண்ணன் செஞ்சது. எவ்வளவு சின்னது பாரு. பத்து காசு டேட்டாகூட ஆகாது." டிரைவர்கள் அடுத்தடுத்த கிடங்குகளுக்குச் சிமெண்டோடு அதையும் கொண்டுபோனார்கள். வாசலில் வேலை ஓடியது. ரத்து இல்லை. வெறும் லாரி போகவில்லை. மேனேஜர்கூட வெளியே வந்து பார்த்து, குறை எதுவும் கிடைக்காமல் உள்ளே போனார்.

மேஸ்திரிக்கு மட்டும் கொஞ்சம் தாமதமானது. சிமெண்டு தின்ற விரல்களைத் தொடுதிரை மதிக்கவில்லை. பெருவிரலை வைத்தால் கட்டையை வைத்த மாதிரி சும்மா இருந்தது. ஒருமுறை மூக்கை வைத்துப் பார்த்தார், வேலை செய்தது. ஆனால் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் விரலை மடக்கி முட்டியால் தட்டக் கற்றுக்கொண்டார். எட்டாவது படியில் மட்டும் நெடுநேரம் நின்று, போனைப் பார்ப்பதும் தட்டுவதுமாக இருந்தார்.

நாலு மணிக்கு மேனேஜர் ஒரு கட்டு சீட்டோடு வந்தார்.

"ஒரு கடைக்காரர் போன் பண்ணினாரு. சிமெண்டு வந்துடுச்சாம். வாளி அவங்ககிட்ட இல்லையாம்."

"என்ன வாளி சார்?"

"அதைத்தான் நான் கேக்கறேன்!"

சீட்டுக்காரர் கட்டை வாங்கிப் புரட்டினார். லாரி எண் சரி. எடை சரி. மூட்டை எண்ணிக்கை சரி. கீழே 'குறிப்பு' என்ற இடத்தில், நாற்பத்தொரு சீட்டிலும், ஒரே வரி.

பச்சை வாளி வேணும்.

போனில் படத்தை ஓடவிட்டார். எட்டாவது படி: குறிப்புப் பெட்டி. அதில் எதுவும் எழுத வேண்டாம், தாண்டிப் போனால் போதும். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த அந்த நொடியில் அவர் மனைவியின் மெசேஜ், போனோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் எட்டிப் பார்த்திருக்கிறது. எட்டிப் பார்த்தது சரியாக அந்தப் பெட்டியின்மேல், அதே வெள்ளை நிறத்தில். 'மாறினதை மட்டும் ஏற்று' என்று நிரலுக்குச் சொல்லியிருந்தார். அது மாறியிருந்தது, நிரல் ஏற்றிவிட்டது. அவர் நேற்று முழுக்கப் பார்த்தது மூலையில் இருந்த அளவை. படத்தைப் பார்க்கவில்லை.

"நாங்களும் இது எதுக்குன்னு நெனச்சோம்" என்றாள் ஊசியக்கா. "ஆபீஸ்னா இப்படி ஏதாவது இருக்கும்னு விட்டுட்டோம்."

வியாழக்கிழமை முதல் வேலையாக மெசேஜ்களையெல்லாம் அணைத்துவிட்டு, எட்டாவது ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி எடுத்து, சுத்தமான படத்தை அனுப்பினார். ஒவ்வொருவர் போனாக வாங்கிப் பழைய படத்தைத் தன் கையால் அழித்தார்.

"டிரைவருங்ககிட்ட போனது?" என்றான் நெட்டையன்.

"போனது போகட்டும். நாளைக்குப் பரீட்சை உங்களுக்குத்தான். எட்டாவது படியில எதுவும் எழுதாதீங்க. பெட்டி காலியா இருக்கணும். காலி! வாளின்னு ஒருத்தர் எழுதினாலும் அது ஒரு தப்பு."

ஏழு பேரும் அரை மணியில் மாற்றிக்கொண்டார்கள். மேஸ்திரியால் முடியவில்லை. எட்டாவது படி வந்ததும் அவர் முட்டி தானாகக் கீழே இறங்கி ஓடியது.

"அண்ணே! காலி!"

"தெரியுதுப்பா. கை கேக்க மாட்டேங்குது."

"ஒரு நாள் பழக்கம்தானே? விட முடியாதா?"

மேஸ்திரி வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"பதினேழு தட்டு. எண்ணி வெச்சிருக்கேன். எந்தக் கட்டம் எங்க இருக்குன்னு படத்தைப் பாத்துப் பாத்துப் புடிச்சேன். ஐம்பத்தெட்டு வருஷத்துல நான் என் கையால எழுதின மொத வரி அது. வீட்டுக்காரிகிட்டக்கூட எழுதிக் காட்டினேன். வாளி எதுக்குன்னு கேட்டா, அது வேற விஷயம்."

சீட்டுக்காரர் தொடுதிரையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் எழுதாதீங்கண்ணே" என்றார்.

அன்றைக்கும் வீட்டில் மனைவி வாளி எங்க என்று கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கையில் ஒரு தாள், காதில் ஒரு பென்சில். எடைமேடை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். மேனேஜர் பின்னால் நின்றார், பையில் வெளியாட்களின் பட்டியலோடு.

நெட்டையன் முதலில். பன்னிரண்டு படியும் தண்ணீர் பட்ட பாடு. எட்டாவதில் பெட்டியைக் காலியாக விட்டுத் தாண்டினான். அதிகாரி புருவத்தைத் தூக்கி, தாளில் ஒரு கோடு போட்டார்.

சீட்டுக்காரர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். என்ன தப்பு? எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

அடுத்து ஊசியக்கா. பிழையே இல்லை. அவளுக்கும் ஒரு கோடு. அடுத்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கோடு. யாருக்கும் இரண்டு இல்லை. அதனால் ஏழு பேரும் தப்பித்தார்கள். ஆனால் அந்த ஒரு கோடு எதற்கென்று சீட்டுக்காரர் மண்டையை உடைத்துக்கொண்டும் விளங்கவில்லை.

கடைசியில் மேஸ்திரி. சட்டையில் துடைத்துத் துடைத்து முட்டி சிவந்திருந்தது. நாலு படி சுத்தமாகப் போனது. ஐந்தாவதில் மூட்டை எண்ணிக்கை. இருநூறு என்று போடவேண்டிய இடத்தில் முட்டி ஒரு தட்டு கூடத் தட்டிவிட்டது. இரண்டாயிரம். முன்னால் போட்ட சைபர் படத்தைக் காப்பாற்றியது. பின்னால் போட்ட சைபர் ஆளைக் கவிழ்த்துவிடும் போலிருந்தது. அதிகாரி ஒரு கோடு போட்டார்.

ஒன்று முடிந்தது. இனி ஒன்றுகூடக் கூடாது.

ஆறு. ஏழு. எட்டு.

குறிப்புப் பெட்டி வெள்ளையாகத் திறந்து நின்றது. மேஸ்திரியின் முட்டி அந்தரத்தில் நின்றது. சீட்டுக்காரர் 'காலி, காலி' என்று உதட்டை அசைத்தார். மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை.

டொக்.

சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே எண்ணினார். பதினேழு தட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

மிச்ச நாலு படியும் முடிந்து சீட்டு அச்சாகி வந்தது. அதிகாரி அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"வயசாகிடுச்சு மேடம்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "இவருக்குப் பதிலா ஆள் தயாரா இருக்கு."

"எதுக்குப் பதில்?" என்றார் அதிகாரி. "எண்ணிக்கையில ஒரு தப்பு. ஒண்ணு வரலாம்."

சீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல.

"மேடம், அந்த எட்டாவது படியில அவரு எழுதினது..."

"அதைத்தான் சொல்ல வரேன். எட்டாவது படியை இங்க ஒழுங்காச் செஞ்சது இவரு ஒருத்தர்தான்."

அதிகாரி தன் போனை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு குட்டிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பத்து கேபி.

"அந்த அறுபத்து நாலு பக்கம் எங்களுக்கே புரியல. புதன்கிழமை ஒரு டிரைவர் போன்ல இது கெடைச்சுது. யாரு செஞ்சாங்கன்னு தெரியல, ஆனா மகா கெட்டிக்காரங்க. நேத்து இருபத்தாறு கிடங்குக்கும் இதைத்தான் அனுப்பி, இதே மாதிரி செய்யணும்னு உத்தரவு போட்டிருக்கோம்."

பிறகு எழுந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, மற்ற ஏழு பேர் பக்கம் திரும்பினார்.

"வாளி எங்க?"